கோட்டா ராமசாமியும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இட ஒதுக்கீட்டைப் பற்றிய பதிவு கிடையாது. தலைப்பைப் பார்த்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தவர்கள் தயவுசெய்து இறக்கி விட்டுக்கொள்ளவும். தலைப்பில் முதலில் வரும் கோட்டா ஒரு குடும்பப் பெயர். கோட்டா ராமசாமி என்று ஒருவர் இருந்தார். நம்ம மயிலாப்பூர் வீட்டுப் பிள்ளை. இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடினார். இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடினார். இரண்டாவது கோட்டா நமக்கெல்லாம் தெரிந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா. இந்த இரண்டுக்கும் நடுவில் என் தங்கச்சி மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். அதனால்தான் செமஸ்டர் நேரத்தில் படிக்கிற வேலையை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். தங்கச்சி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இடது கைக்காரி. காலையில் கிரிக்கெட் கோச்சிங், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் டென்னிஸ். இரண்டும் வேறு வேறு இடம். மந்தைவெளியிலிருந்து அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார், நான் கூட்டிக்கொண்டு வருவேன். மூன்று வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் கிரிக்கெட் கோச் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், பாப்பாவுக்குக் கை நல்லா வருது. ஸ்டேட் செலக்‌ஷனுக்குத் தயார் பண்ணலாம். ஆனா ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. ரெண்டு குதிரையில சவாரி பண்ணினா ரெண்டும் கிடைக்காது."

அடுத்த நாள் அப்பா டென்னிஸ் கோச்சிடம் கேட்டுப் பார்த்தார். அவரும் அதே குதிரையில் ஏறி வந்தார். "கிரிக்கெட் ஆடினா மணிக்கட்டு கெட்டுப் போயிடும் சார். இப்பவே முடிவு பண்ணுங்க. இனிமே லேட்."

பதிமூன்று வயசில் "இனிமே லேட்" என்று ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் அப்பா பதில் சொல்ல வேண்டும். தங்கச்சி அன்றைக்கு ராத்திரி ராக்கெட்டை உறையில் போட்டு ஜிப்பை மூடிப் பரணில் தூக்கி வைத்துவிட்டாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. பெரியவர்கள் என்ன முடிவு எடுப்பார்கள் என்று பெரியவர்களுக்கு முன்னாலேயே குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கதையைக் கீழ் வீட்டுத் தாத்தாவிடம் புலம்பினேன். அவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நடமாடும் கிரிக்கெட் கலைக்களஞ்சியம். "அந்தக் காலத்துல எல்லாரும் எல்லாம் ஆடினாங்கப்பா. கோட்டா ராமசாமின்னு ஒருத்தர், தெரியுமா உனக்கு? அந்த மாதிரி மனுஷன் இனிமே பொறக்கப் போறதில்ல" என்றார். எனக்குத் தெரியாது. போய்ப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. தாத்தா மேல், கோச்சுகள் மேல், கடைசியில் எல்லார் மேலும். அந்தக் கோபத்தை வரிசையாகக் கொட்டுவதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ராமசாமி பிறந்தது 1896இல். அப்பா புச்சி பாபு நாயுடு. மயிலாப்பூர் லஸ் ஹவுஸ்காரர். சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்வார்களே, அவரேதான். இன்றைக்கும் அவர் பெயரில் போட்டி நடக்கிறது. பிள்ளை வேறு குடும்பத்துக்குத் தத்துப் போனதால் கோட்டா என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. சென்னை மாநிலக் கல்லூரி, அதற்குப் பிறகு கேம்பிரிட்ஜ். கேம்பிரிட்ஜுக்காக அவர் ஆடியது டென்னிஸ். 1922இல் டேவிஸ் கோப்பையில் டாக்டர் ஃபைசியோடு சேர்ந்து இரட்டையர் ஆட்டம் ஆடினார். ருமேனியாவை ஜெயித்து, ஸ்பெயினிடம் தோற்ற அணி அது.

அதோடு நிறுத்தியிருந்தால் டென்னிஸ்காரர் என்றே பெயர் நின்றிருக்கும். ஊருக்குத் திரும்பி கிரிக்கெட்டைத் தொடர்ந்தார். 1936இல் விஜயநகரம் இளவரசர் விஸ்ஸி தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனபோது ராமசாமிக்கு நாற்பது வயது. இரண்டாவது டெஸ்ட், மான்செஸ்டர். அதுதான் அவருடைய முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 40, இரண்டாவதில் 60. மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் தொடக்க விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தார்களே, அதே ஆட்டம். அடுத்து ஓவல் மைதானத்தில் 29, பிறகு ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் இரண்டே டெஸ்ட், 170 ரன், சராசரி 56.66. இந்தியாவுக்காக அவரைவிட அதிக வயதில் டெஸ்டில் அறிமுகமானவர் ஒரே ஒருவர்தான், ருஸ்தம்ஜி ஜம்ஷெட்ஜி. பிறகு ராமசாமி தேர்வாளராக இருந்தார். 1953இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன அணிக்கு மேலாளராக இருந்தார். 1966இல் தன் வரலாற்றை எழுதினார். 'ராம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்' என்று அதற்குப் பெயர். விளையாட்டுப் பைத்தியத்தின் பினாத்தல்கள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். தலைப்பில் கிரிக்கெட் என்ற வார்த்தை இல்லை, டென்னிஸும் இல்லை. விளையாட்டு, அவ்வளவுதான்.

1985 அக்டோபர் 15ஆம் தேதி, 89 வயதில், அடையாறில் இருந்த வீட்டிலிருந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. இன்றுவரை என்ன ஆனார் என்று தெரியாது. கிரிக்கெட் பதிவுகளில் 'இறந்ததாகக் கருதப்படுகிறது' என்றுதான் இருக்கிறது.

சரி, இப்போது சண்டைக்கு வருவோம்.

முதல் சண்டை க்விஸ் கோஷ்டியோடு. எங்கள் கல்லூரியிலும் ஒரு கும்பல் உண்டு (நானும் முன்னாள் உறுப்பினர்). "காணாமல் போன இந்திய டெஸ்ட் வீரர் யார்?" என்று ஒரு கேள்வி, பத்து மார்க். முடிந்தது. ஒரு மனிதர் எண்பத்தொன்பது வருஷம் வாழ்ந்திருக்கிறார். இரண்டு ஆட்டத்தில் நாட்டின் சட்டையைப் போட்டிருக்கிறார். நமக்கு நினைவிருப்பது அவர் வாழ்வின் கடைசி நாள் மட்டும். வயதான ஒருவர் வீட்டை விட்டுப் போய்த் திரும்பாதது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய துயரம்! அதை மர்மக்கதை போல ஆக்கிவிட்டு, அதற்கு முந்தைய எண்பத்தொன்பது வருஷத்தைக் காணாமல் அடித்தவர்கள் நாம்தான். லஸ் கார்னரில் நின்று பத்துப் பேரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது சண்டை தாத்தாவோடு. "அந்தக் காலத்துல எல்லாரும் எல்லாம் ஆடினாங்க" என்ற வாக்கியத்தில் 'எல்லாரும்' என்பது யார்? இதுதான் என் கேள்வி. தாத்தாவின் அப்பா ஆடினாரா? என் தாத்தா ஆடினாரா? லஸ் ஹவுஸ் ஆடியது. கம்பெனி காலத்து துபாஷி குடும்பத்தின் சொத்து, லஸ்ஸில் பெரிய தோட்ட வீடு, பிள்ளையைக் கப்பலேற்றிக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பும் வசதி. அப்படிப்பட்ட வீட்டுக்கே கதவு முழுசாகத் திறந்திருக்கவில்லை. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடம் கிடையாது. அந்தக் கோபத்தில்தான் புச்சி பாபு 1888இல், இருபது வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியப் பையன்கள் ஆட ஒரு இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். அதாவது, சென்னைக் கிரிக்கெட்டின் கதையே 'ஆட இடம் கொடு' என்ற சண்டையில்தான் ஆரம்பிக்கிறது. ராமசாமியின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. நாற்பது வயதில் இங்கிலாந்து ஆடுகளத்தில் பணத்தை வைத்து 60 ரன் அடிக்க முடியாது. ஆனால் அந்தத் திறமை வெளியே வர முதலில் ஒரு புல்வெளி வேண்டியிருந்தது. அது அவர் பிறப்பதற்கு முன்பே தயாராக இருந்தது.

இது மயிலாப்பூர் பணக்கார வீட்டுக் கதை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க இதே கதை. பல ஆட்டக்காரர்கள் என்று பேச்செடுத்தாலே இங்கிலாந்தின் லாட்டி டாட் பெயர்தான் முதலில் வரும். 1887இல் பதினைந்து வயதில் விம்பிள்டன் ஜெயித்தவர். மொத்தம் ஐந்து முறை. டென்னிஸ் போரடித்துப் போய் ஹாக்கிக்குப் போனார், இங்கிலாந்து அணிக்கு ஆடினார். கோல்ஃபுக்குப் போனார், 1904இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன். வில்வித்தைக்குப் போனார், 1908 ஒலிம்பிக்கில் வெள்ளி. அம்மணி மனுஷியா மிஷினா என்று வாயைப் பிளக்கலாம். கூடவே இதையும் படிக்க வேண்டும்: அப்பா பருத்தி வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். வீட்டுத் தோட்டத்திலேயே இரண்டு டென்னிஸ் கோர்ட். வேலைக்குப் போக வேண்டிய அவசியமே அவருக்கு வாழ்நாளில் வரவில்லை.

இப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்து கை தூக்குவார்கள். "அப்ப எம்.ஜே. கோபாலன்?" நியாயமான கேள்வி. திருவல்லிக்கேணி கோபாலன் பங்களாவில் பிறந்தவர் இல்லை. வேகப் பந்து வீச்சாளர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவரும் அவரே. 1935இல் தயான் சந்தோடு நியூசிலாந்து போன இந்திய ஹாக்கி அணியிலும் இருந்தார். ஆக, பணம் இல்லாமலும் முடிந்திருக்கிறதே?

முடிந்தது, எப்படி என்று பாருங்கள். சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார கிரிக்கெட் வீரர் கண்ணில் பட்டார். அவர் உதவியால் பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சோற்றுக்குக் கவலை இல்லை, ஆடலாம். லஸ் ஹவுஸ் தன் பிள்ளைக்குக் கொடுத்ததை ஒரு கம்பெனிச் சம்பளம் கோபாலனுக்குக் கொடுத்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இதுதான்: ஆட இடம், ஆட நேரம், தோற்றாலும் பட்டினி இல்லை என்ற நிம்மதி.

கோபாலன் கதையில் இன்னொரு ஊசியும் இருக்கிறது. 1936இல் அவருக்கு முன்னால் இரண்டு பயணம். ஒன்று பெர்லின் ஒலிம்பிக், ஹாக்கி. இன்னொன்று இங்கிலாந்து, கிரிக்கெட். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்ட்டில்கூட இறக்கவில்லை. லாலா அமர்நாத்தையே பாதியில் வீட்டுக்கு அனுப்பிய பயணம் அது, மற்றவர்கள் கதையைக் கேட்பானேன். பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. அதே இங்கிலாந்துப் பயணத்தில்தான் ராமசாமி நாற்பது வயதில் டெஸ்ட் தொப்பி வாங்கினார். ஒரே ஊர், ஒரே அணி, இரண்டு பல ஆட்டக்காரர்கள். 'ரெண்டுல ஒண்ணு சொல்லு' என்று காலம் கேட்டது கோபாலனிடம் மட்டும். அப்போது அவருக்கு இருபது வயது எப்போதோ கடந்திருந்தது. அவர் தெரிந்து எடுத்த முடிவு, விலையும் அவரே கொடுத்தார். பதிமூன்று வயதுப் பெண்ணிடம் அதையே கேட்கிறோம், விலை என்ன என்று சொல்லாமலே.

மூன்றாவது சண்டை, பெரிய சண்டை, கோச்சுகளோடு.

அவர்கள் தரப்பில் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ராமசாமி காலத்தில் இந்த ஆட்டங்களில் சம்பளம் கிடையாது, போட்டியும் இன்றைக்கு இருக்கிற மாதிரி கிடையாது. இன்று இருபத்தைந்து வயதில் ஒருவர் டென்னிஸ் சுற்றிலும் கிரிக்கெட் லீகிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. காலண்டரில் நாள் இல்லை. சரிதான். ஆனால் என் தங்கச்சிக்கு இருபத்தைந்து ஆகவில்லையே! இருபத்தைந்தில் செய்ய வேண்டிய தேர்வை எதற்குப் பதிமூன்றில் செய்ய வேண்டும்?

"சின்ன வயசுலயே பிடிச்சாதான் மேல வர முடியும்" என்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2016இல் வெளியிட்ட அறிக்கை நேர் எதிராகச் சொல்கிறது. பெரும்பாலான ஆட்டங்களில் பதினைந்து, பதினாறு வயதுவரை ஒன்றிலேயே குறுக்க வேண்டாம் என்கிறது. காரணம் ராக்கெட் அறிவியல் இல்லை. ஒரே தோள், ஒரே முழங்கை, ஒரே முதுகு, வருஷம் முழுக்க ஒரே அசைவு. வளருகிற எலும்பு எத்தனை நாள் தாங்கும்? அதைவிட முக்கியம், மனசு. பத்து வயதில் வேலைக்குப் போகிற மாதிரி மைதானத்துக்குப் போகும் பிள்ளை பதினாறு வயதில் ராஜினாமா கொடுத்துவிடுகிறது. எங்கள் வகுப்பிலேயே மூன்று முன்னாள் நீச்சல் வீரர்கள் இருக்கிறார்கள். மூவரும் இப்போது மெரினாவில் காலைக்கூட நனைக்க மாட்டார்கள்.

உதாரணம் வேண்டுமா? ஆஷ் பார்ட்டி. 2011இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 2014இல் போதும் என்று டென்னிஸை விட்டார். 2015-16இல் பிரிஸ்பேன் ஹீட் அணிக்காக மகளிர் பிக் பாஷ் கிரிக்கெட் ஆடினார். "ரெண்டு குதிரை" என்று நம்ம கோச் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அவர் 2016இல் டென்னிஸுக்குத் திரும்பினார். 2019இல் பிரெஞ்சு ஓபன், உலகின் முதலிடம். 2021இல் விம்பிள்டன். 2022இல் ஆஸ்திரேலிய ஓபன். இரண்டாவது குதிரை முதல் குதிரையைக் கெடுக்கவில்லை. ஓய்வு கொடுத்துப் புல் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ராமசாமியையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். 1915-16இல் முதல் தர ஆட்டம் ஆடத் தொடங்கியவர் 1941-42 வரை ஆடியிருக்கிறார். நடுவில் டென்னிஸ். நாற்பது வயதில் முதல் டெஸ்ட். ஆட்டம் அவருக்குச் சலிக்கவே இல்லை. இதை விதிவிலக்கு என்று ஒதுக்காமல் பாடமாக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

கோச்சுகளை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் தெரியும். அவர்களை ஆட்டிவைக்கிற கயிறு வேறு கையில் இருக்கிறது. இங்கேதான் இரண்டாவது கோட்டா வருகிறது.

ஸ்போர்ட்ஸ் கோட்டா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடம் உண்டு, தமிழ்நாடு அரசு வேலைகளில் 3 சதவீதம் உண்டு. பர்மா ஷெல் வேலை கோபாலனுக்குச் செய்ததை இன்று நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு இவை செய்கின்றன. இருக்கட்டும், இன்னும் வரட்டும். என் சண்டை, அது வீட்டுக் கூடத்தில் உருவாக்கும் கணக்கோடு. சான்றிதழுக்குத் தரம் உண்டு: சர்வதேசம், தேசியம், மாநிலம் என்று. இரண்டு ஆட்டத்தில் மாவட்ட அளவில் ஆடுவதைவிட ஒரு ஆட்டத்தில் மாநில அளவில் ஆடுவது லாபம். எந்த அப்பாவும் போடக்கூடிய எளிய கணக்கு. அந்தக் கணக்குப்படி ஐந்தாம் வகுப்பிலேயே 'எந்த ஆட்டத்தில் கூட்டம் கம்மி?' என்று விசாரித்துக் குழந்தையைச் சேர்க்கிறார்கள். பிள்ளைக்குப் பிடித்த ஆட்டம் எது என்ற கேள்வி அந்தப் பட்டியலிலேயே இல்லை. ப்ளஸ் டூ முடித்து சீட் கிடைத்ததும் பேட்டும் ராக்கெட்டும் பரணுக்குப் போய்விடும். விளையாட்டு ஒரு என்ட்ரன்ஸ் டெஸ்ட் ஆகிவிட்டது. டெஸ்ட் முடிந்தபின் யாராவது கைடு புத்தகத்தைப் பிரிப்பார்களா?

சரி, கோச்சிங்கே வேண்டாம், ஜாலியாக இரண்டும் ஆடட்டும் என்றால் எங்கே போய் ஆடுவது? இதுதான் விஷயத்தின் ஆணிவேர்.

மயிலாப்பூரில் தோட்ட வீடுகள் போய் அடுக்கு மாடிகள் வந்தன. தெருவில் ஆடினால் பைக்கும் காரும். தி.நகருக்குப் போனால் சோமசுந்தரம் மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரே திடலில் பத்துப் பதினைந்து மேட்ச், ஒருத்தருடைய கவர் பாயின்ட்டில் இன்னொருத்தருடைய விக்கெட் கீப்பர். எந்தப் பந்து எந்த மேட்ச் என்று பந்துக்கே தெரியாது :) அந்தக் கூட்டத்தில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரு கையே மிச்சம். கொஞ்சம் தள்ளி நந்தனத்தில் கோல்ஃப் மைதானம், பச்சைப் பசேல் என்று. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேர் உள்ளே பார்த்திருப்போம்? அதே நந்தனத்தில்தான் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா ஆட்டமும் சொல்லித்தர ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் இந்த ஊரில் நினைத்திருக்கிறார். அந்த ஆசிரியர்களின் பி.டி. பீரியடை நாம் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுத்துவிட்டோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று இருக்கிறது. திடல் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கோல்ஃப்-டென்னிஸ் கதை ஒன்றே சாட்சி. ஆல்தியா கிப்சன். நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியின் ஏழைக் கறுப்பினச் சிறுமி. அப்பாவுக்குப் பருத்தி வியாபாரமும் இல்லை, வீட்டில் டென்னிஸ் கோர்ட்டும் இல்லை. அவர்கள் தெருவைப் பகலில் வண்டிகள் போகாமல் அடைத்துப் பிள்ளைகள் விளையாட விட்டார்கள். அங்கே துடுப்பு மாதிரி ஒரு மட்டையை வைத்து பேடில் டென்னிஸ் ஆடக் கற்றார். 1957இலும் 1958இலும் விம்பிள்டன் சாம்பியன். பிறகு கோல்ஃப் கற்று, 1964இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். லாட்டி டாட்டுக்குத் தோட்டம் கொடுத்ததை கிப்சனுக்கு ஒரு தெரு கொடுத்தது. தெருவை அடைப்பதா, சென்னையிலா என்று சிரிக்காதீர்கள். 2019இல் பாண்டி பஜாரை நடப்பவர்களுக்காக மாற்றிக் காட்டினார்களே. ஷாப்பிங் போகிறவர்களுக்காகச் சாலையை மாற்ற முடியும் என்றால், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு குறுக்குத் தெருவைப் பிள்ளைகளுக்கு விட முடியாதா?

ஆக, நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கோட்டா ராமசாமி 'இனிமே பொறக்கப் போறதில்ல' என்பது பொய். பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள், மந்தைவெளியில், சைதாப்பேட்டையில், பட்டினப்பாக்கத்தில். பதிமூன்று வயசுக்குள் அவர்களில் பாதியை நாம் கழித்துவிடுகிறோம். மிச்சப் பேருக்கு ஆட இடமே கொடுப்பதில்லை. பிறகு உட்கார்ந்துகொண்டு, அந்தக் காலம் மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிறோம்.

நேற்று இதையெல்லாம் (இவ்வளவு நீளமாக இல்லை) அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு வருஷம் டைம் கேளுங்கப்பா. பத்தாவது வரைக்கும் ரெண்டும் ஆடட்டும். அப்புறம் அவளே சொல்லட்டும்" என்றேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "நீ சொல்றது நியாயம்தான்டா. ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு ஃபீஸ். செலக்‌ஷன் போச்சுன்னா அவ என்னைக் கேட்பாளே, அதுக்கு உன் ராமசாமி பதில் சொல்வாரா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அப்பா மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர் லஸ் ஹவுஸ்காரர் இல்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்ல அவருக்கு வசதி இல்லை. அந்த வசதியை ஊர் கொடுக்க வேண்டும், பள்ளி கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை ஒவ்வொரு அப்பாவும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து சத்தம் கேட்கிறது. டொக், டொக், டொக். தண்ணித் தொட்டிச் சுவரில் பந்து. பரணில் ஏற எனக்கே ஸ்டூல் வேண்டும். அவள் எப்படி ஏறி எடுத்தாள் என்று தெரியவில்லை.

பி.கு: உங்கள் வீட்டிலும் 'ரெண்டுல ஒண்ணு' கேட்டிருந்தால், என்ன முடிவு எடுத்தீர்கள், பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் வந்தால் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன்.